வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் பிரிந்துகொண்டே இருந்த கதை

மாடியில் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி. அதற்குத் தெளிக்க, லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 3 மில்லி, புங்க எண்ணெய் 2 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். இதுதான் என் கணக்கு. கலக்கிப் பத்து நிமிடம்கூட ஆகாது, எண்ணெய் படலமாக மேலே வந்துவிடும். ஸ்ப்ரேயரில் முதலில் வெறும் தண்ணீர். கடைசியில் எண்ணெயாக வந்து இலை நுனியெல்லாம் கருகியது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று புங்க எண்ணெய்மேல் பழி போட்டேன், பாவம். அவை இரண்டும் தங்களுக்குள் நன்றாகத்தான் கலந்தன.

ஒருநாள் பக்கெட் ஓரத்தில் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி விரலில் பிசுபிசுத்தது. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு திரிந்துவிட, எண்ணெய்த் துளிகளைப் பிடித்துவைக்க ஆளில்லை.

மழைத்தண்ணீருக்கு மாறினேன். வரிசையையும் மாற்றினேன்: முதலில் இரண்டு எண்ணெய், அதில் சோப்புக் கரைசல், மோர் சிலுப்புவதுபோல ஒரு அடி. குழம்பாகத் திரண்டபின்தான் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. பால்போல வந்தது, அரை மணி நேரம் கழித்தும் படலம் இல்லை. மார்கழியில் வேப்பெண்ணெய் உறைந்துகிடந்தால் பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கிக்கொள்கிறேன். மிச்சத்தை மறுநாளுக்கு வைப்பதில்லை. விடிந்தால் பிரிந்துதான் கிடக்கும்.