யூஎஸ்டிஏ டென்னிஸ் லீக்ல புதுசா சேர்றீங்களா? 3.0-வா 3.5-வானு முடிவு பண்றது எப்படி

அமெரிக்கால நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப யூஎஸ்டிஏ (அமெரிக்க டென்னிஸ் சங்கம்) நடத்துற லீக்ல ஆடுறாங்க, பார்க்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா சேரும்போது முக்கால்வாசி பேர் தடுமாறுற இடம் செல்ஃப் ரேட்டிங்தான், அதாவது நம்ம ஆட்டம் எந்த லெவல்னு நாமளே மதிப்பிடுறது. இதுக்கான லெவல் அளவுகோல் பேரு என்டிஆர்பி, அந்த ஸ்கேல் 1.0-ல ஆரம்பிச்சு 7.0 வரைக்கும் அரை அரையா ஏறும். லீக் கூட்டம் பெரும்பாலும் 3.0, 3.5, 4.0 இந்த மூணுலதான், குழப்பமும் அங்கதான்.

முதல்ல இத புரிஞ்சுக்கோங்க, 3.5 காரங்க எல்லாரும் ஒரே தரம் கிடையாது. மேட்ச் ஸ்கோர வச்சு ரேட்டிங் போடுற யூஎஸ்டிஏ கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள ரெண்டு தசமம் வரைக்கும் கணக்கு வச்சிருக்கும், 3.01-ல இருந்து 3.50 வரைக்கும் எல்லாருக்கும் வெளிய தெரியுறது 3.5 தான். அடியில இருக்குறவர் உச்சியில இருக்குறவர்கிட்ட 6-0, 6-0 வாங்கலாம். அதனால "3.5 ஃப்ரெண்ட ஜெயிச்சுட்டேன், நானும் 3.5"னு கணக்கு போடாதீங்க.

வார்ம்-அப்ல, கோச் ஊட்டிவிடுற பந்துல எல்லாருமே 4.0 மாதிரிதான் தெரிவோம். உண்மை தெரியணும்னா 30-40ல, அதாவது இன்னும் ஒரு பாயின்ட் போனா கேமே போயிடுங்கிற நேரத்துல, உங்க செகண்ட் சர்வ பாருங்க. ராக்கெட்ட தோசைக் கரண்டி மாதிரி பிடிச்சு, பந்து உள்ள விழுந்தா போதும்னு மெதுவா தட்டி விடுறீங்க, எதிராளி ரெண்டடி முன்னாடி வந்து நிக்கிறார்னா 3.0-ல ஆரம்பிக்கிறதுதான் சரி. அதே சர்வ்ல கொஞ்சம் ஸ்பின் இருக்கு, பாக்ஸுக்குள்ள எந்தப் பக்கம் போடணும்னு நினைக்கிறீங்களோ அந்தப் பக்கம் ஓரளவு போகுது, மிதமான வேகத்துல வர்ற பந்த பேக்ஹேண்ட்லயும் நினைச்ச திசைல திருப்ப முடியுது, டபுள்ஸ்ல நெட்டுக்கு வர பயமில்ல, அப்படின்னா 3.5. திசையோட ஆழமும் சேர்ந்து ரெண்டு பக்கமும் வருது, லாப், ஓவர்ஹெட், வாலி எல்லாம் மேட்ச்லயே வேலை செய்யுது, பார்ட்னரோட சேர்ந்து நகர்றீங்கன்னா 4.0 பக்கம் யோசிங்க.

ஊர்ல பேட்மின்டன் ஆடிட்டு வந்தவங்க நம்ம கூட்டத்துல நிறைய. நெட்ல அவங்க கை வேகம் அபாரமா இருக்கும், ஆனா பேஸ்லைன்ல மணிக்கட்ட சுழட்டி அடிக்கிற பழக்கம் போக நாளாகும். நெட் ஆட்டத்த மட்டும் வச்சு லெவல் போட்டுடாதீங்க.

செல்ஃப் ரேட் பண்ணும்போது டென்னிஸ்லிங்க்ல (யூஎஸ்டிஏ லீக் வெப்சைட்) கேக்குற கேள்விகளுக்கு ஒளிவுமறைவு இல்லாம பதில் சொல்லுங்க. இந்தியால யூனிவர்சிட்டி டீம்ல ஆடியிருந்தா, ஏஐடிஏ (அகில இந்திய டென்னிஸ் சங்கம்) ஜூனியர் ரேங்கிங் இருந்திருந்தா அதையும் போடணும், இருபது வருஷம் ஆச்சேன்னு விட்டுடக்கூடாது. இத மறைச்சதா யாராவது புகார் கொடுத்தா டீமுக்கே தலைவலி. கம்ப்யூட்டர் கொடுக்குற லெவல் ஜாஸ்தின்னு தோணுனா அப்பீல் பண்ண வழி இருக்கு.

வேணும்னே கீழ ரேட் பண்ணி கோப்பை தூக்கலாம்னு சில கேப்டன்கள் ஆசை காட்டுவாங்க, தயவுசெஞ்சு கேக்காதீங்க. செல்ஃப் ரேட் ஆளுங்கள டைனமிக் ரேட்டிங், அதாவது கம்ப்யூட்டர் உள்ளுக்குள்ள வச்சிருக்குற அந்த தசமக் கணக்கு, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கண்காணிக்கும், அந்த லெவலோட வரம்ப மூணு தடவை தாண்டுனா டிஸ்குவாலிஃபை, நீங்க ஜெயிச்ச மேட்ச்சும் டீம் கணக்குல தோல்வியா மாறிடலாம். கணக்கு வெறும் வெற்றி தோல்விய வச்சு இல்ல, எத்தனை கேம் எடுத்தீங்க, எதிராளி ரேட்டிங் என்னங்கிறத வச்சு. பலமான ஆளுகிட்ட 6-4, 6-4னு தோத்தாலும் உங்க ரேட்டிங் ஏறலாம். வேணும்னே கேம் விட்டுக்கொடுத்து ஸ்கோர அமுக்குறது எதிர்ல நிக்கிறவருக்கு செய்யுற அவமரியாதை, அது விளையாட்டே இல்ல.

ரெண்டு லெவலுக்கு நடுவுல தவிக்கிறீங்களா? இள வயசு, நல்லா ஓடுவீங்க, வாரத்துக்கு மூணு நாள் கோர்ட்ல இருப்பீங்கன்னா மேல போங்க, சீசன் முடியுறதுக்குள்ள அந்த லெவலுக்கு வந்துடுவீங்க. முட்டி வலி, வாரத்துக்கு ஒரு நாள்தான்னா கீழ இருக்குறதுல ஆரம்பிங்க, ஏன்னா 3.0 ரேட்டிங் வச்சுக்கிட்டே 3.5 டீம்ல ஆட லீக் அனுமதிச்சா ஆடலாம், 3.5 ரேட்டிங் வச்சுக்கிட்டு 3.0-ல ஆட முடியாது.

மிக்ஸட் டபுள்ஸ்ல ரெண்டு பேர் ரேட்டிங்கையும் கூட்டுவாங்க, 7.0 டீம்னா 3.5-உம் 3.5-உம் ஆடலாம், 4.0-உம் 3.0-உம் ஆடலாம். ஆண்கள் 4.0-உம் பெண்கள் 4.0-உம் ஒரே பலம் இல்ல, அதனால உங்க வீட்டம்மா லெவல வச்சு உங்க லெவல முடிவு பண்ணாதீங்க. போதுமான மேட்ச் ஆடியிருந்தா வருஷக் கடைசில கம்ப்யூட்டர் ரேட்டிங் வந்துடும், பேருக்குப் பக்கத்துல இருக்குற எஸ் (செல்ஃப்) போய் சி (கம்ப்யூட்டர்) ஆகிடும், அடுத்த சீசன் டீம அதப் பார்த்துட்டு தேடுங்க.