முதலில் லேபில் சேருங்கள், பிஎச்டியை அப்புறம் முடிவு செய்யலாம்

"பிஎச்டி பண்ணலாமா?" என்று கேட்டு வரும் மாணவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: லேபில் எத்தனை மாதம் வேலை பார்த்திருக்கிறீர்கள்? பாடத்திட்டத்தில் வரும் சோதனைக்கு விடை முன்பே தெரியும். ஆய்வில் செய்யும் சோதனைக்கு விடை, வழிநடத்தும் பேராசிரியரான கைடுக்கும் தெரியாது. முதலாவதில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவருக்கு இரண்டாவது பிடிக்கும் என்று சொல்லவே முடியாது. அதனால் ஆறு மாதமாவது ஒரு ஆய்வகத்தில் இருந்து பாருங்கள்.

படி 1: லேபைத் தேடுங்கள்

உங்கள் துறை ஆசிரியர்களில் ஐந்தாறு பேரைக் குறித்துக்கொண்டு, கூகுள் ஸ்காலரில் அவர்களுடைய கடைசி மூன்று ஆண்டுக் கட்டுரைகளைத் தேடுங்கள். முழுதாகப் படிக்க வேண்டாம். சுருக்கம், படங்கள், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, முடிவுரை, இவ்வளவு போதும். பெயர்களின் வரிசையையும் பாருங்கள். சோதனை சார்ந்த துறைகளில் பெரும்பாலும் வேலையைச் செய்த மாணவரின் பெயர் முதலிலும், லேபை நடத்துகிறவர் பெயர் கடைசியிலும் வரும். (கணிதத்தில் அகரவரிசைதான் வழக்கம்.) முதல் இடத்தில் வெவ்வேறு மாணவர்களின் பெயர்கள் வருகிறதென்றால் நல்ல அறிகுறி.

படி 2: மெயில் எழுதுங்கள்

பலர் கோட்டை விடுவது இங்கேதான். "தங்கள் ஆய்வில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்று இருபது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் யாரும் பதில் போட மாட்டார்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"மேடம், நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. மெல்லிய படலங்கள் பற்றிய உங்கள் சென்ற ஆண்டுக் கட்டுரையைப் படித்தேன். மூன்றாவது படத்தில், வெப்பநிலை கூடும்போது மின்தடை சட்டென்று இறங்குகிறது. படலத்தின் தடிமனை மாற்றினால் அந்த இடமும் மாறுமா? வாரத்துக்கு எட்டு மணி நேரம் என்னால் லேபுக்கு வர முடியும். பைதானில் கிராஃப் போடத் தெரியும், கருவி எதையும் இதுவரை தொட்டதில்லை. பதினைந்து நிமிடம் நேரில் பேசலாமா?"

உண்மையாகவே தோன்றிய ஒரு கேள்வி, கொடுக்கக்கூடிய நேரம், தெரிந்தது, தெரியாதது. இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பத்து நாளில் பதில் வராவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையா, அடுத்தவருக்கு எழுதுங்கள்.

படி 3: நேரில் பேசுங்கள்

"தினமும் எனக்கு யார் சொல்லித்தருவார்?" என்று கட்டாயம் கேளுங்கள். கைடு அநேகமாக வாரம் ஒருமுறைதான் கண்ணில் படுவார், உங்களைப் பழக்கப்போவது ஒரு சீனியர் ஆய்வு மாணவர். அப்புறம், கைடு பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த மாணவர்களிடம் கேளுங்கள்: "கடைசியாக ஒரு சோதனை சொதப்பியபோது அவர் என்ன சொன்னார்?" பதிலைவிட, பதிலுக்கு முன்னால் வரும் தயக்கம் நிறையச் சொல்லும்.

படி 4: நோட்டில் எழுதுங்கள், அன்றைக்கே எழுதுங்கள்

பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் முதல் வேலை லேப் நோட்டுதான். தேதி, ரசாயனத்தின் பேட்ச் எண், தராசு காட்டிய எடை. 0.502 கிராம் என்று காட்டினால் 0.502 என்றே எழுதுங்கள், 0.5 என்று சுருக்காதீர்கள். தப்பாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

2018இல் வேதியியல் நோபல் பெற்ற பிரான்சஸ் அர்னால்ட், 2020 ஜனவரியில் தன் குழுவின் கட்டுரை ஒன்றைத் திரும்பப் பெற்றார். சோதனையை மறுபடி செய்தபோது அதே முடிவு வரவில்லை. நோட்டைப் புரட்டினால், முக்கியமான சோதனைகளுக்கு அந்தந்த நேரத்துப் பதிவும் மூலத் தரவும் இல்லை. அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அவ்வளவு பெரிய லேபிலேயே இது நடக்கிறது என்றால், நோட்டு எழுதுவதை அலுவலகச் சடங்காக நினைக்க முடியுமா?

எனக்கும் நோட்டுதான் கைகொடுத்தது. பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்து, பெருகியதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது, அளவுக்காக ஓரத்தில் விடும் லேடர் (நீளம் தெரிந்த டிஎன்ஏ துண்டுகள்) பளிச்சென்று தெரியும், என் மாதிரிகள் இருந்த இடமெல்லாம் வெறும் இருட்டு. மூன்று வாரம் இதே கதை. ஒரு சாயங்காலம் பழைய பக்கங்களைப் புரட்டியபோது, "பிரைமர், பத்து மடங்கு நீர்த்தேன்" என்ற வரி இரண்டு தேதிகளில் இருந்தது. (டிஎன்ஏ பெருகுவதைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுதான் பிரைமர்.) ஏற்கெனவே நீர்த்த குழாயையே மறுபடி நீர்த்திருக்கிறேன். மறுநாள் ஜெல்லில் கோடு வந்தது. அந்த மூன்று வாரமும் எரிச்சல் இருந்தது, ஆனால் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் விட மனம் வரவில்லை. நான் பிஎச்டிக்குப் போனது அதை நம்பித்தான்.

படி 5: முடிவெடுங்கள்

வார இறுதியில் இரண்டு வரி எழுதி வையுங்கள்: எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எது எப்போது முடியும் என்று இருந்தது. ஆறு மாதம் கழித்து மொத்தமாகப் படியுங்கள். கண்டுபிடிப்பு நாட்கள் அபூர்வம், சாதாரண நாட்கள்தான் அதிகம். 1967இல் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் பதிவு கோடுகளாக வரும் தாளை, நாளுக்குச் சுமார் முப்பது மீட்டர், கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வந்த ஒரு சின்னக் கிறுக்கலை விடாமல் துரத்தியதில்தான் பல்சார் (சீரான இடைவெளியில் ரேடியோத் துடிப்புகள் வரும் ஒருவகை விண்மீன்) கிடைத்தது.

காலத்தையும் கணக்கில் எடுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் மூன்று நான்கு ஆண்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் ஐந்தாறு ஆண்டு. அத்தனை காலமும் உதவித்தொகை உறுதியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நீங்கள் போக நினைக்கும் வேலைக்கு அந்தப் பட்டம் அவசியமா என்றும் பாருங்கள். பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கும் ஆய்வுக் குழுவை நடத்தவும் பெரும்பாலும் வேண்டும், மென்பொருள் வேலைகள் பலவற்றுக்கு வேண்டாம். வேறு வேலை கிடைக்கவில்லை என்பதற்காகச் சேராதீர்கள், அந்தக் காரணம் இரண்டாவது ஆண்டைத் தாண்டாது. தலைப்பா கைடா என்று வந்தால், என் வரையில் கைடுதான். தலைப்பை நடுவில் மாற்றலாம், கைடை மாற்றுவது பெரும்பாடு.

வேண்டாம் என்று தோன்றினால், அதையும் கைடிடம் நேராகச் சொல்லுங்கள். சொல்லாமல் வருவதை நிறுத்திவிடாதீர்கள். ஃப்ரீசரில் இருக்கும் உங்கள் குழாய்களுக்கெல்லாம் பெயரும் தேதியும் ஒட்டி, எந்தப் பெட்டியில் எது என்று ஒரு தாளில் எழுதி, நோட்டோடு சீனியரிடம் கொடுங்கள். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால், உங்கள் வேலை அவர் நினைவில் இருக்கும் அந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.