சோதனைக் காலம் முடிந்த எஸ்க்யூஎல் சர்வரை உரிமப் பதிப்புக்கு மாற்றுவது எப்படி?

புரட்டாசி பிறக்க இரண்டே நாள். டர்பனில் மளிகை, மசாலாக் கடைகளில் கூட்டம் நெரியும் வாரம் அது. சாட்ஸ்வர்த்தில் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் காலை ஏழு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, பில் போடுற புரோகிராம் திறக்கவே இல்லை. பழைய கணக்கெல்லாம் போச்சுன்னு நினைக்கிறேன்” என்றார். கணக்கு எங்கேயும் போகவில்லை. ஆறு மாதம் முன்பு புதுக் கணினி வாங்கியபோது, அதில் பில் கணக்கைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வரின் சோதனைப் பதிப்பைப் போட்டுக் கொடுத்தவர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தார். அதன் ஆயுள் 180 நாள். நாள் முடிந்ததும், பின்னணியில் ஓடும் அதன் சர்வீஸ் எழும்ப மறுக்கும், அவ்வளவுதான். பூட்டிய அறைக்குள் மூட்டைகள் அப்படியே இருப்பது போல, தரவு வட்டில் பத்திரமாக இருக்கும்.

இதே நிலையில் இருக்கிறீர்களா? தயவுசெய்து எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்கவும் வேண்டாம். பில்களில் தப்பான தேதி விழுந்தால் வாட் கணக்கே குழம்பிவிடும். வரித்துறையான சார்ஸ் 5 ஆண்டுக்கான பதிவுகளை வைத்திருக்கச் சொல்கிறது. அதை நாமே கெடுத்துக்கொள்ளலாமா?

முதலில், காரணம் இதுதானா என்று உறுதி செய்யுங்கள். விண்டோஸில் ஈவென்ட் வியூவர் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். அங்கே 17051 என்ற எண்ணுடன் சோதனைக் காலம் முடிந்தது என்ற செய்தி இருந்தால் சந்தேகமே இல்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் என்றால், அதை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் சர்வர் பெயரின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைத் திறங்கள். ஜெனரல் பக்கத்தில் புராடக்ட் வரியில் ‘எவால்யுவேஷன்’ என்ற சொல் இருந்தால் உங்களுக்கும் நாள் எண்ணப்படுகிறது. இன்றே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நகல். இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சர்வீஸ் நின்றுபோனதால் வழக்கமான பேக்கப் எடுக்க முடியாது. ஆனால் அது நின்றிருப்பதே நமக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது: ஓடும்போது பூட்டியிருக்கும் கோப்புகளை இப்போது சாதாரணமாகவே காப்பி செய்யலாம். புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் என்று போய், உங்கள் இன்ஸ்டன்ஸ் (கணினியில் நிறுவிய ஒரு சர்வர்) பெயருள்ள ஃபோல்டருக்குள் டேட்டா ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள். முழு ஃபோல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எம்டிஎஃப் கோப்பில் தரவும், எல்டிஎஃப் கோப்பில் பரிவர்த்தனைப் பதிவும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. மாஸ்டர் என்ற சிஸ்டம் டேட்டாபேஸில் லாகின்கள் இருப்பதால் அதையும் விட்டுவிடாதீர்கள். டேட்டாபேஸை வேறு டிரைவில் வைத்திருந்தால் அங்கேயும் போய்ப் பாருங்கள்.

அந்த டிஸ்க்கில் வாடிக்கையாளர் பெயர், தொலைபேசி எண், கடன் பாக்கி எல்லாம் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் உள்ளது. டிஸ்க்கைக் கல்லா மேசையில் போட்டு வைக்காமல், பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி வையுங்கள்.

சரி, எந்தப் பதிப்புக்கு மாறுவது? எக்ஸ்பிரஸ் இலவசம், கடையிலும் பயன்படுத்தலாம். ஒரு டேட்டாபேஸ் 2022 பதிப்பு வரை 10 ஜிபிக்கு மேல் வளர முடியாது, 2025 பதிப்பில் 50 ஜிபி. டெவலப்பர் பதிப்பும் இலவசம்தான், ஆனால் அது மென்பொருள் எழுதிச் சோதிப்பவர்களுக்கு மட்டும், கடையில் பில் போட உரிமம் கிடையாது. ஸ்டாண்டர்டுக்குக் காசு கொடுக்க வேண்டும். அண்ணனின் டேட்டாபேஸ் 12 ஜிபி, பதிப்பு 2022. அதனால் ஸ்டாண்டர்ட் வாங்கினோம்.

உரிமக் கீ கைக்கு வந்ததும் மாற்றம் சுலபம். முன்பு நிறுவிய அதே ஆண்டுப் பதிப்பின் செட்அப்பை ஓட்டுங்கள். இன்ஸ்டாலேஷன் சென்டர் திறக்கும். இடப்பக்கம் ‘மெயின்டனன்ஸ்’, அதில் ‘எடிஷன் அப்கிரேட்’. புராடக்ட் கீயைக் கொடுத்து, உரிம நிபந்தனையை ஏற்று, இன்ஸ்டன்ஸைத் தேர்ந்தெடுங்கள். அது தன் சோதனைகளை முடித்ததும் ‘அப்கிரேட்’ பொத்தானை அழுத்துங்கள். டேட்டாபேஸ், லாகின், அமைப்புகள் எதுவும் இடம் மாறாது. சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் நடுவில் சர்வீஸ் மறுதொடக்கம் ஆகும், எனவே கடை மூடிய பிறகு செய்யுங்கள். இன்னொன்று, யூபிஎஸ் இல்லாமல் தொடவே தொடாதீர்கள். லோட் ஷெடிங் பழகிய ஊர் நம்முடையது. பாதி வழியில் மின்சாரம் போனால் அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகிவிடும்.

எக்ஸ்பிரஸ் போதும் என்பவர்களுக்கு இந்தக் குறுக்கு வழி கிடையாது. சோதனைப் பதிப்பிலிருந்து எக்ஸ்பிரஸுக்கு எடிஷன் அப்கிரேட் செய்ய முடியாது. எக்ஸ்பிரஸைத் தனி இன்ஸ்டன்ஸாக நிறுவி, காப்பி செய்த எம்டிஎஃப், எல்டிஎஃப் கோப்புகளை மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ‘அட்டாச்’ கொடுத்து இணைக்க வேண்டும். அதே ஆண்டுப் பதிப்போ புதியதோதான் ஏற்கும். 2022 கோப்பை 2019 திறக்காது. லாகின்களைப் புதிதாக உருவாக்கி, டேட்டாபேஸில் உள்ள பயனர்களோடு பொருத்த வேண்டும். பில் புரோகிராமிலும் சர்வர் பெயரை மாற்ற வேண்டும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் ஏஜென்ட் எக்ஸ்பிரஸில் இல்லாததால் தானியங்கி பேக்கப் நின்றுவிடும். அதை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் அமைத்துக்கொள்ளலாம்.

சோதனைப் பதிப்பு, உயர்நிலைப் பதிப்பான என்டர்பிரைஸின் வசதிகள் எல்லாவற்றையும் திறந்து கொடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். உதாரணமாக, டேட்டாபேஸையே குறியாக்கம் செய்யும் டிடிஈ வசதி 2019 முதல் ஸ்டாண்டர்டில் உண்டு, எக்ஸ்பிரஸில் இல்லை. அப்படி ஏதாவது பயன்படுத்தியிருந்தால் புதிய இடத்தில் டேட்டாபேஸ் எழும்பாது. காசு கொடுப்பதற்கு முன்பே புரோகிராம் எழுதியவரிடம் கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் மறுபடி பிராப்பர்ட்டீஸ் திறந்து, புராடக்ட் வரியில் புதிய பதிப்பின் பெயர் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு பழைய பில்லைத் திறந்து, ஒரு புதிய பில்லைப் போட்டு, முதல் முழு பேக்கப்பை எடுங்கள். அண்ணன் கடையில் அந்தப் புதிய பில் இரண்டு கிலோ துவரம்பருப்புக்கு. அது அச்சாகி வெளியே வந்த பிறகுதான் அவர் காலைத் தேநீரைக் கையில் எடுத்தார். உரிமக் கீயையும் ரசீதையும் அன்றே வாட் கோப்பில் வைத்துவிட்டோம்.