பவர் பிரஸ்: விரல் போன பிறகு யோசிக்கும் பட்டறைகள் செய்யும் தவறுகள்

பவர் பிரஸ் என்ற மெஷினால் தகட்டை அடித்து வெட்டும், வளைக்கும் பட்டறைகளில் விரல் போனால், விபத்துப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ஒரே சொல்தான் ஏறும்: கவனக்குறைவு. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. கையால் தகடு வைத்து நிமிடத்துக்கு 10 அடி அடிப்பவரின் கை, 7 மணி நேர வேலையில் 4,200 முறை டைக்குள், அதாவது தகட்டை வைத்து அடிக்கும் அச்சுக்குள், போய் வருகிறது. 4,200 முறையும் மனம் சிதறாமல் இருக்க மனிதரால் முடியாது. கவனத்தை நம்பி நடத்தும் பாதுகாப்புத் திட்டம், மதிய சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தோடு சேர்ந்து சரிந்துவிடும். கை உள்ளே போகவே வழியில்லாமல் செய்வதுதான் வேலை. போஸ்டர், உறுதிமொழி, மார்ச் 4 பாதுகாப்பு நாள் எல்லாம் அதற்குப் பிறகு.

பணம் செலவழித்தும் பலனில்லாமல் போகும் தவறு ஒன்று உண்டு: பழைய கீ கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் மெஷினுக்கு நிற்கச் சொல்லும் ஒளிக்கதிர்த் திரை) மாட்டுவது. அந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பெடலை மிதித்ததும் லாட்ச் என்ற கொக்கி விலகுகிறது. ஸ்பிரிங் தள்ள, சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீலின் (கனமான சக்கரத்தின்) பள்ளத்தில் கீ என்ற ஆப்பு விழுகிறது. அதன்பின் கிராங்க் தண்டு ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் நிற்கும். கரண்ட்டை நிறுத்தினாலும் ஃப்ளைவீலின் வேகமே ராமை (மேலும் கீழும் போய் அடிக்கும் பாகத்தை) கீழே இறக்கிவிடும். நடுவில் கை போனதை லைட் கர்ட்டன் சரியாகவே கண்டுபிடிக்கும். ஆனால் மெஷினால் நிற்க முடியாது. இந்த வகைக்கு டையைச் சுற்றி நிலையான கார்டு (கை நுழையாத தடுப்பு) போடுங்கள்.

காற்றழுத்தத்தில் இயங்கி, நடுவழியிலும் நிற்கக்கூடிய ஏர் கிளட்ச் பிரஸ்ஸில் லைட் கர்ட்டன் நன்றாக உதவும், தூரம் சரியாக இருந்தால். 14 மி.மீ. தடிமனைக் கண்டுபிடிக்கும் கர்ட்டனுக்கு, கை நொடிக்கு 2,000 மி.மீ. வேகத்தில் நீளும் என்று வைத்துக் கணக்கிடுவார்கள். சிக்னல் கிடைத்ததிலிருந்து ராம் நிற்க மொத்தம் 0.2 நொடி ஆகிறதென்றால் கர்ட்டன் டையிலிருந்து 400 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். இட நெருக்கடி என்று 150 மி.மீ.யில் மாட்டினால் கைதான் முந்தும். பிரேக் லைனிங் தேயத் தேய நிற்கும் நேரமும் கூடும். மாட்டிய அன்று அளந்த எண்ணை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டக் கூடாது.

“அண்ணே, மெஷின் ரெண்டு தடவை அடிச்சுது” என்று ஆபரேட்டர் சொன்னால், “பாத்து ஓட்டு” என்பது பதில் அல்ல. ஒரு மிதிக்கு இரண்டு அடி என்றால் கீயின் முனை தேய்ந்திருக்கலாம், லாட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிரேக் பெல்ட்டில் எண்ணெய் இறங்கியிருக்கலாம். அடுத்த முறை கை உள்ளே இருக்கும்போது அடிக்கும். சொன்ன அந்த நிமிடமே நிறுத்தி, மூன்றையும் கழற்றிப் பாருங்கள். லாட்ச்சுக்கு இழுக்கும் ஸ்பிரிங் இருந்தால் அமுக்கும் ஸ்பிரிங்காக மாற்றிவிடுவது நல்லது: இழுக்கும் ஸ்பிரிங் உடைந்தால் லாட்ச் அப்படியே தொங்கும், வழிகாட்டித் தண்டில் கோத்த அமுக்கும் ஸ்பிரிங் உடைந்தாலும் ஓரளவு தள்ளிக்கொண்டிருக்கும். கிராங்க்கில் பெயின்ட் கோடு ஒன்று போட்டு, ஷிஃப்ட் தொடங்கும்போது தகடு வைக்காமல் 10 அடி அடித்தால், ராம் மேல்முனையைத் தாண்டி வழுக்குகிறதா என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

கார்டு இருந்தும் விரல் போகிறதே, ஏன்? பெரும்பாலும் டை மாற்றியபோது கழற்றியது திரும்ப ஏறியிருக்காது. போல்ட் கிடைக்கவில்லை, அல்லது புது டைக்கு அந்தக் கார்டு பொருந்தவில்லை. ஒவ்வொரு டைக்கும் அதற்கான கார்டைச் செய்து, டையோடு சேர்த்தே ரேக்கில் வையுங்கள். கார்டு இல்லாத டை ஸ்டோரை விட்டு வெளியே வரக் கூடாது. தகடு நுழையும் சந்துக்கும் கணக்கு உண்டு. 6 மி.மீ. சந்து என்றால் பஞ்ச் (மேலிருந்து இறங்கி அடிக்கும் அச்சு) சந்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும், 10 மி.மீ. சந்துக்கு 80, 12 மி.மீ. சந்துக்கு 100. தகடு சிக்குகிறது என்று சந்தைக் கிரைண்டரால் அகலப்படுத்தும்போது இந்தக் கணக்கு உடைகிறது.

இரண்டு கை பட்டனிலும் இதே கதை. ஒன்றில் குச்சி செருகி, துணி சுற்றி அமுக்கி வைத்துவிட்டு ஒரு கையால் ஓட்டுவதைப் பார்த்துத் திட்டுவதில் பயனில்லை. இரண்டையும் அரை நொடிக்குள் சேர்த்து அமுக்கினால்தான், ஒவ்வோர் அடிக்கும் இரண்டையும் விட்டு அமுக்கினால்தான் ஓடும்படி வயரிங் செய்தால் குச்சி வேலை செய்யாது. எதிர்ப்பக்கம் நின்று பீஸ் எடுக்கும் ஹெல்ப்பருக்கு இந்தப் பட்டன்கள் எந்தப் பாதுகாப்பும் தருவதில்லை. அவருக்கும் தனி ஜோடி வேண்டும். பெடல் மெஷினாக இருந்தால் பெடலுக்கு மேல் மூடி போடுங்கள், ஸ்கிராப் விழுந்தே அடித்துவிடும்.

டை செட்டிங்கின்போது மோட்டாரை அணைத்ததும் கையை விடாதீர்கள். ஃப்ளைவீல் முழுதாக நிற்கும்வரை காத்திருந்து, மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைச் செட்டரே வைத்துக்கொண்டு, ராமுக்குக் கீழே முட்டுக்கட்டை கொடுத்த பிறகுதான் கை போக வேண்டும்.

“விபத்தில்லாத நாட்கள்” பலகைக்குப் பரிசு அறிவிப்பது நல்லெண்ணத்தில் செய்யும் பெரிய தவறு. பரிசு கெடக் கூடாதென்று சின்னக் காயத்தைத் தொழிலாளர்களே மறைப்பார்கள். இரட்டை அடி, கழன்ற கார்டு, கை தப்பிய தருணம் ஆகியவற்றைச் சொன்னவரைப் பாராட்டுங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்குத் தமிழில் வகுப்பெடுத்துக் கையெழுத்து வாங்கினால் அது பயிற்சி ஆகாது. அவர் மொழியில் சொல்லி, மெஷின் முன் அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள்.

காதை யாரும் நினைப்பதில்லை. 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகளின் வரம்பு. 95 ஆனால் 4 மணி நேரம்தான். பஞ்சு அடைப்பது போதாது.

இவ்வளவுக்குப் பிறகும் விரல் துண்டானால் செய்யும் தவறு, அதை நேரடியாக ஐஸில் போடுவது. திசு உறைந்து கெட்டுவிடும். காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வைத்து, காயம்பட்டவரோடு அதே வண்டியில் அனுப்புங்கள். விரலை ஒட்டும் அறுவை சிகிச்சை இரவிலும் நடக்கும் மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, அதன் எண்ணை முதலுதவிப் பெட்டியின் மூடியில் எழுதி ஒட்டி வையுங்கள்.