காது கேளாத குழந்தைக்குப் பள்ளி தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது, எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். பள்ளிக்குப் போவதற்கு முன்பே குழந்தைக்கு ஒரு மொழி வந்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

"கூப்பிட்டா திரும்புறானே, லேட்டா பேசுற குழந்தையா இருக்கும்" என்று காத்திருப்பது முதல் தவறு. தரை அதிர்ந்தாலோ சுவரில் நிழல் ஆடினாலோகூடக் குழந்தை திரும்பும். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும், ஆனால் ச, ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது என்கிற வகைக் குறைபாடும் உண்டு, அதைக் கைதட்டிப் பார்த்தெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துவது, 6 மாதத்துக்குள் காதுக் கருவியோ பயிற்சியோ தொடங்குவது, இதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அது தாண்டிப் போயிருந்தால் பரவாயில்லை, இன்றைக்கே போங்கள்.

அடுத்தது, சைகை மொழி கற்றுக்கொடுத்தால் பேச்சு வராது என்ற பயம். இது பழைய பயம். 1880-ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோர் கல்விக்கான ஒரு மாநாடு, பெரும்பாலும் காது கேட்கிறவர்களே உட்கார்ந்து, வாய்ப்பேச்சு முறைதான் உயர்ந்தது என்று தீர்மானம் போட்டது. அதன்பின் பல நாடுகளில் சைகை மொழியை வகுப்பறையிலிருந்து துரத்தினார்கள். 2010-ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே வரிசை மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. சரி, ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் மிலான் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆபரேஷன் முடியட்டும், தெரபி பலிக்கட்டும் என்று காத்திருக்கிற மாதங்களில் குழந்தை பசியைச் சொல்லவும் பயத்தைச் சொல்லவும் ஒரு வழியும் இல்லாமல் இருக்கும். கையால் பேசக் கற்ற குழந்தை வாயால் பேசவும் கற்கலாம், ஒன்று வந்ததால் மற்றது ஓடிவிடாது.

கருவியை மூக்குக் கண்ணாடி மாதிரி நினைப்பதும் தவறுதான், மாட்டியதும் எல்லாம் சரியாகிவிடாது. ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை வைத்த பிறகும் அதைத் திரும்பத் திரும்பச் சரிப்படுத்த வேண்டும், கேட்பதைப் புரிந்துகொள்ளும் பயிற்சி பல மாதம், சிலருக்குப் பல வருடம். காது வளர வளர ஹியரிங் எய்டின் மோல்டு, அதாவது காதுக்குள் பொருந்தும் அச்சு, தளர்ந்து விசில் அடிக்கும், மாற்ற வேண்டும். காலையில் பள்ளிக்கு அனுப்பும் முன் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, குழந்தைக்குக் கேட்கிறதா என்று பாருங்கள். லிங் சோதனை என்பார்கள், அரை நிமிட வேலை. நேற்றுக் கேட்ட ஸ் இன்று கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

அப்புறம், சாதாரணப் பள்ளியில் முதல் பெஞ்சில் உட்காரவைத்தால் போதும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான் என்பது. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'மாடு' என்றும் 'பாடு' என்றும் சொல்லுங்கள், உதடு ஒரே மாதிரிதான் இருக்கும். க-வோ தொண்டைப் பக்கம் பிறப்பது, கண்ணுக்கே தெரியாது. இதற்கு நடுவில் ஆசிரியர் போர்டு பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே பேசினால் அந்த உதடும் போய்விடும். கருவி நன்றாக வேலை செய்வது ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான், மின்விசிறியும் நாற்காலி இழுக்கும் சத்தமும் அதே அளவு பெரிதாகக் கேட்கும். ஆசிரியர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் வயர்லெஸ் மைக் பெரிய உதவி. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் குழந்தை தலையாட்டிவிடும், என் மகள் ஒரு வருடம் முழுக்க ஆட்டினாள். புரிந்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சாயங்காலம் வந்து காரணமில்லாமல் எரிந்து விழுந்தால் அது திமிர் இல்லை, நாள் முழுக்கக் காதைத் தீட்டி உட்கார்ந்த களைப்பு.

சிறப்புப் பள்ளிக்கு அனுப்புவதைத் தோல்வியாகப் பார்க்கிறவர்களும் உண்டு, அங்கே சேர்த்தால் கவலை விட்டது என்பவர்களும் உண்டு. அங்கேயும் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: ஆசிரியர்களுக்குச் சைகை மொழி சரளமாக வருமா, காது கேளாத ஆசிரியர் யாராவது இருக்கிறாரா, வயதுக்கு ஏற்ற பாடம் நடக்கிறதா, பாதிப் பாடத்தோடு நிறுத்திவிடுகிறார்களா.

எந்தப் பள்ளியானாலும் அலுவலக அறையில் பேசிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இடைவேளை மணி அடிக்கும்வரை இருந்து, அங்கே ஏற்கெனவே படிக்கும் காது கேளாத பிள்ளைகள் யாரோடு சேர்ந்து சாப்பிடுகிறார்கள், யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பாருங்கள்.