சக்கரம் சூடானால் எங்கே பார்ப்பது?

தொப்பூர் கணவாயில் இறங்கினால் எந்த வண்டிக்கும் பிரேக் சூடாகும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தருமபுரி ஊருக்குள் மெதுவாக ஓட்டி நிறுத்தியும் முன்பக்க இடது சக்கரம் மட்டும் அனலடித்தது. அதுதான் கவலை.

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினேன். விறைப்பாக இருந்தது. அப்புறம் காலிப்பரில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் தட்டை பிரேக் பேடால் இறுக்கும் கவ்வியில், ஆயிலையும் காற்றையும் வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளை லேசாகத் தளர்த்தினேன். பிரேக் ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். காலிப்பருக்கு ஆயில் வரும் ரப்பர் ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். எனக்குச் சொட்டுதான் வந்தது, சக்கரம் அப்படியே நின்றது. சரி, கோளாறு காலிப்பரிலேயே.

காலிப்பரைக் கழற்றினால், அது முன்பின் நகர்வதற்கான இரண்டு ஸ்லைடு பின்களில் மேலே உள்ளது வழுக்கிக்கொண்டு வந்தது. கீழ்ப் பின்னைத் தட்டித் திருகித்தான் எடுக்க முடிந்தது. ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, கிரீஸ் செம்மண் நிறத்தில் காய்ந்து கிடந்தது. பேடும் ஒருபக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. பின்னில் துரு குழி விழவில்லை. துடைத்து, புது உறை போட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவினேன். கையில் இருக்கும் சாதா கிரீஸே போதும் என்பார்கள், கேட்காதீர்கள். அது ரப்பரை உப்ப வைக்கும், ஸ்லைடு பின் மறுபடி இறுகிக்கொள்ளும். நிப்பிளைத் திறந்ததால் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி, பெடல் கெட்டியான பிறகே வண்டியை நகர்த்தினேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால், காலிப்பருக்குள் பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடிப்பது குறையும். பேட் மாற்றும்போது ஸ்லைடு பின்னையும் உருவிப் பார்க்க மெக்கானிக்கிடம் சொல்லுங்கள், சொன்னால்தான் செய்வார்கள்.