தரங்கம்பாடி கோட்டைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

தரங்கம்பாடிக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். பின்னால் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையின் சுவர், முன்னால் பீரங்கி, பீரங்கி மேல் ஒரு குழந்தை. அரை மணி நேரத்தில் முடிகிற வேலை அது. ஆனால் நடக்கிற வரிசையைக் கொஞ்சம் மாற்றினால் அந்தச் சின்ன ஊர் அரை நாளுக்குத் தாங்கும். நான் போகிற வரிசை இது.

முதலில், கிழமை

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. இது தெரியாமல் ஒருமுறை வெயிலில் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். மற்ற நாட்களில் காலையிலேயே ஊருக்குள் இருப்பது நல்லது. மதிய வெயிலில் கோட்டை முன்திடலில் நிற்க முடியாது, ஒதுங்க மரம் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடியது. இப்போது பஸ்தான். ஆக்கூர், திருக்கடையூர் வழியாக வரும். காரைக்காலிலிருந்தும் சுலபம்.

இரண்டாவது, வாசல் வழியாகவே நுழையுங்கள்

ஆட்டோ பிடித்து நேரே கோட்டையில் இறங்கிவிட வேண்டாம். பிரதான சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வெள்ளையடித்த ஒரு நுழைவாயில் வரும். 1792இல் கட்டியது. கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய ஊருக்கு நிலப்பக்கத்து வாசல் இதுதான். அதில் டென்மார்க் அரச முத்திரை இருக்கிறது, ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

இங்கே ஒரு சின்னப் பாடம். டென்மார்க்காரர்கள் இந்த ஊரை வைத்திருந்தது 1620 முதல் 1845 வரை, 225 ஆண்டுகள். அத்தனை காலமும் அந்த நாட்டை ஆண்டவர்கள் பெயர் ஒன்று கிறிஸ்டியன், இல்லையென்றால் ஃபிரடெரிக். ஒருவர் கிறிஸ்டியன் என்றால் அடுத்தவர் ஃபிரடெரிக், அதற்கடுத்தவர் மறுபடி கிறிஸ்டியன். கோட்டை கட்டியபோது நான்காம் கிறிஸ்டியன், வாசல் கட்டியபோது ஏழாம் கிறிஸ்டியன், ஊரை ஆங்கிலேயருக்கு விற்றபோது எட்டாம் கிறிஸ்டியன். ஆகவே எங்காவது கிரீடத்துக்குக் கீழே அரசர் பெயரின் முதலெழுத்தைப் பின்னியிருப்பதைக் கண்டால் ‘சி’யா ‘எஃப்’பா, கூட என்ன எண் என்று பாருங்கள். காலம் தெரிந்துவிடும். ஊர் முழுக்க விளையாடக்கூடிய விளையாட்டு இது, பிள்ளைகளை அழைத்துப் போனால் இன்னும் நல்லது.

மூன்றாவது, ராஜ வீதி

வாசலைத் தாண்டினால் நேரே கடல் வரை ராஜ வீதி. வீதியிலேயே இரண்டு தேவாலயங்கள். சீயோன் தேவாலயம் 1701ஐச் சேர்ந்தது. புதிய எருசலேம் தேவாலயம் 1718இல் எழுந்தது. இதன் முகப்பில் கிரீடமும் நான்காம் ஃபிரடெரிக்கின் எழுத்தும் இருக்கும், இப்போது உங்களுக்கே படிக்க வரும். 1706இல் இங்கே வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். வழிபாடு நடக்கும் நேரமென்றால் வெளியே காத்திருங்கள்.

நான்காவது, கோட்டை. கண்ணாடிப் பெட்டிக்கு முன் கட்டடம்

உள்ளே போனதும் எல்லோரும் அருங்காட்சியகப் பெட்டிகளிடம் ஓடுவார்கள். அப்புறம் பார்க்கலாம். முதலில் கீழ்த்தள அறைகளில் நுழைந்து வாருங்கள். சரக்கு வைத்தது, சமைத்தது, ஆட்களை அடைத்தது எல்லாம் இங்கேதான். ஆளுநரும் பாதிரியாரும் மேலே குடியிருந்தார்கள். கட்டடத்தின் நடுவே ஒட்டகத் திமில் போல வளைந்த கவிமாடங்கள், அவற்றின் பாரத்தை ஏந்திக்கொண்டு ஒரு தூண். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அந்தக் கொத்தனார்களின் கணக்கு புரியும்.

கதை தெரிந்திருந்தால் சுவை கூடும். மிளகு வாங்க வந்தவர்கள் டென்மார்க்காரர்கள். கப்பற்படைத் தளபதி ஓவ கியெத்த முதலில் நம்பி வந்தது இலங்கையை, அங்கே காரியம் ஆகவில்லை. அவருக்கு முன்னால் வந்த ரோலண்ட் கிராப்பேயின் கப்பலைப் போர்த்துகீசியர் காரைக்கால் பக்கம் அடித்து நொறுக்க, உயிர் தப்பிய கிராப்பே தஞ்சாவூர் அரண்மனையில் போய் நின்றார். அங்கிருந்துதான் இந்த ஊருக்கான பேச்சுவார்த்தை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தமிழ்க் கடிதத்துக்குக் கீழே தெலுங்குக் கையெழுத்து!

இதே கோட்டை 1978 வரை பயணியர் விடுதியாக இருந்தது. மிளகு மூட்டை கிடந்த இடத்தில் நம் அதிகாரிகள் பெட்டி படுக்கையோடு வந்து தங்கிப் போயிருக்கிறார்கள்.

ஐந்தாவது, அருங்காட்சியகம்

சின்ன அருங்காட்சியகம்தான், விளக்க அட்டைகளை அதிகம் நம்ப வேண்டாம். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. மூன்றை மட்டும் தேடுங்கள்.

சீனத் தேயிலை ஜாடி. டென்மார்க்குக்கும் சீனாவுக்கும் நடந்த வியாபாரத்தில் இந்தக் கரையும் ஒரு கண்ணி என்பதற்குச் சாட்சி. கொஞ்சம் குனிந்து அதன் கழுத்துப் பகுதியையும் மெருகு ஓடி நின்ற இடத்தையும் கவனியுங்கள்.

பெரிய உரல். பக்கத்தில் நின்று உங்கள் இடுப்போடு அளந்து பாருங்கள். கோட்டைக்குள் எத்தனை வாய்க்குச் சோறு வேண்டியிருந்திருக்கும் என்று தானாகவே கணக்கு ஓடும்.

திமிங்கில எலும்பு. பிள்ளைகள் இதைவிட்டு நகர மாட்டார்கள்.

பழைய காசு கண்ணில் பட்டால் கிரீட எழுத்து விளையாட்டு மறுபடி தொடங்கும். படம் எடுக்கலாமா என்று அங்கிருக்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.

கடைசியாக, கடலோரம்

கோட்டையிலிருந்து வெளியே வந்து கரையோரமாக நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். டென்மார்க்காரர்கள் வருவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் முன்பே பாண்டியர் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கரை நெடுகக் கருங்கல் கொட்டி அரண் போட்டிருக்கிறார்கள். அந்தக் கற்கள் மேல் ஏறி நின்று படம் எடுக்க ஆசை வரும், பாசி வழுக்கும், வேண்டாம்.

திரும்பும்போது ராஜ வீதியிலேயே நடந்து வாசலுக்கு வாருங்கள். காலையில் பார்க்காமல் விட்ட ஓர் எழுத்தாவது கண்ணில் படும். பிரதான சாலைக்கு வந்து காரைக்கால் பக்கமிருந்து வரும் பஸ்ஸுக்குக் கை காட்டினால் போதும்.